எட்டு நாள் விதேகம்

பெரணமல்லூரில் தறி உள்ள வீடுகளைக் கடந்து நடந்தால் பேச்சுக் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் காதில் விழும். கால் மிதியை அழுத்த, பாவு மேலும் கீழுமாகப் பிரிய, நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடித் திரும்பும். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளுக்குப் பின்னால் இந்தப் பக்கத்துக் கைகளும் இருக்கின்றன. அங்கிருந்து வந்தவாசிப் பக்கம் போகிறவர்கள், வந்தவாசி–சேத்துப்பட்டு சாலையை ஒட்டி ஒரு குன்றைப் பார்ப்பார்கள். அதுதான் பொன்னூர் மலை. படியேறிப் போனால் உச்சிப் பாறையில் இரண்டு பாதங்கள் செதுக்கப்பட்டிருக்கும். சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதங்கள் என்று அவற்றுக்குப் பூவிட்டு வணங்குகிறார்கள்.

அந்தப் பாதங்களுக்குப் பின்னால் ஒரு பயணக் கதை உண்டு. குந்தகுந்தர் தவத்தில் இருந்தபோது நெறியைப் பற்றி அவருக்குள் ஓர் ஐயம் எழுந்தது. தீர்த்துவைக்கக் கூடியவர் இங்கே யாரும் இல்லை. மகாவீரருக்குப் பிறகு இந்தப் பரத நிலத்தில், மெய்யுணர்ந்து அறம் உரைக்கும் தீர்த்தங்கரர் எவரும் தோன்றவில்லை என்பது சமணரின் நம்பிக்கை. ஆனால் அவர்கள் வகுத்த உலக அமைப்பில் விதேகம் என்று வேறொரு நிலம் இருக்கிறது. அங்கே தீர்த்தங்கரர் எந்தக் காலத்திலும் இருந்துகொண்டே இருப்பார். இப்போது அங்கே அறம் உரைப்பவர் சீமந்தரர். வானில் செல்லும் ஆற்றல் பெற்ற சாரண முனிவர் இருவர் துணை வர, குந்தகுந்தர் அந்த நிலத்துக்குப் போனார். எட்டு நாள் தங்கினார், சீமந்தரரின் உரையைக் கேட்டார், ஊர் திரும்பினார். ஏழு நாள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

எட்டு நாள். இன்றைய பேச்சில் சொன்னால், ஒரு குறுகிய காலப் படிப்புக்காக அயல்நாடு போய்வந்த மாணவர் அவர்.

இந்தக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குந்தகுந்தரை மரபு கி.பி. முதல் நூற்றாண்டில் வைக்கிறது. ஆய்வாளர்களில் பலர் அவர் பிற்காலத்தவர் என்கிறார்கள். விதேகப் பயணத்தைக் குறிப்பிடும் பழைய நூல்களில் ஒன்று தேவசேனர் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய தரிசனசாரம். நடந்ததோ இல்லையோ, ஒரு சமயம் தன் தலையாய ஆசிரியர் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதையைப் பேணிவந்திருக்கிறது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். ஏனெனில் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. எட்டு நாளில் ஒருவருக்கு மெய் தெரியுமா? வேறொரு நிலத்தில், வேறொரு மக்களிடையே, இவ்வளவு குறைந்த காலம் தங்கியவர் கொண்டுவருவதை அறிவு என்று ஏற்கலாமா?

கோடைக் கல்விப் பயணங்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2005ஆம் ஆண்டு முதல் சமண ஆய்வுக்கென்றே ஒரு பன்னாட்டுக் கோடைப் பள்ளி இந்தியாவில் நடந்துவருகிறது. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் சில வாரங்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். காலையில் அகிம்சை, அநேகாந்தம், வினைக் கோட்பாடு என்று வகுப்பு. பிறகு கோயில், சுவடிச் சாலை, துறவியருடன் உரையாடல். பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடிப்பது என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படிப்பதோடு நில்லாமல் வயிற்றிலும் உணர்கிறார்கள். தமிழ் படிக்க மதுரைக்கும் இப்படி மாணவர்கள் வருகிறார்கள். அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அங்கே கோடைக்கால வகுப்புகளை நடத்துகிறது. எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. 2024 ஜூனில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்கள் சிலரை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒரு வாரம். குந்தகுந்தரின் கணக்குக்கு மிக அருகில்.

“நாலு வாரத்தில் என்ன தெரிந்துவிடும்?” என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இரவு உண்ணாமல், கிழங்கு உண்ணாமல், நீரை வடிகட்டிக் குடித்து வாழ்ந்த ஒரு குடும்பம் அறிந்ததை, விமானத்தில் வந்திறங்கி அந்தக் குடும்பத்தின் முற்றத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் அறிய முடியாது. அதிலும் தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்துச் சமணர் மொத்தம் 89,265 பேர். குஜராத், ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் அடக்கம். வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் வட்டாரங்களில் நயினார் என்ற பட்டத்தோடு, பெரும்பாலும் உழவர்களாக வாழும் தமிழ்ச் சமணரின் பங்கு அதில் ஒரு பகுதிதான். இவ்வளவு சிறிய சமூகத்தைப் பற்றி வெளியூர்க்காரர் ஒருவர் அரைகுறையாக எழுதிவிட்டால் அதுவே உலகத்துக்கு உண்மையாகிவிடும். பயம் வெறும் பயம் இல்லை.

ஆனால் சமணமே இந்தக் கேள்வியைப் பல கோணங்களில் யோசித்த நெறி. ஓர் இடத்தில் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதற்கு விதி வகுத்த சமயம் அது. மழைக்காலம் நீங்கலான எட்டு மாதங்களில் மகாவீரர் சிற்றூரில் ஓர் இரவும் நகரில் ஐந்து இரவும் மட்டுமே தங்கினார் என்று கல்பசூத்திரம் என்ற சமண நூல் சொல்கிறது. அதிக நாள் தங்கினால் இடத்தின் மேல் பற்று வந்துவிடும். வீடு பழகும், முகம் பழகும், உணவு பழகும். மழைக்காலத்தில் மட்டும் நிலைமை மாறுகிறது. ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் முளையும் நிறைந்திருப்பதால், நடந்தால் அவை மிதிபடும். ஆகவே நான்கு மாதம் ஒரே ஊரில் தங்கிவிட வேண்டும். அதைச் சாதுர்மாசம் என்கிறார்கள். அமெரிக்க மாணவருக்கு ஜூலை என்பது கோடை. நமக்கு அது ஆனியும் ஆடியும். ஆடி வாக்கில் சாதுர்மாசம் தொடங்குகிறது. ஆண்டு முழுதும் நடந்துகொண்டிருக்கும் துறவி நடையை நிறுத்தி ஓரிடத்தில் அமரும் வேளையில், கடல்தாண்டி வந்த மாணவர் அவர் முன்னால் போய் உட்கார முடிகிறது. நாட்காட்டியின் தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல்.

குறுகிய காலத்தைப் பற்றிச் சமணத் தத்துவம் இன்னும் ஆழமாகவும் பேசுகிறது. ஒரு முகூர்த்தம் என்பது நாற்பத்தெட்டு நிமிடம். அதற்கும் உட்பட்ட காலத்துக்கு அந்தர்முகூர்த்தம் என்று பெயர். ஓர் உயிருக்கு முதன்முதலாக நற்காட்சி கிட்டும்போது அது அந்தர்முகூர்த்தம்தான் நிலைக்கும் என்கிறது கோட்பாடு. திரை விலகுகிறது, மெய் தெரிகிறது, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் திரை மறுபடி விழுந்துவிடுகிறது. அப்படியானால் அந்தக் காட்சி பொய்யா? இல்லை. ஒருமுறை கண்டுவிட்ட உயிரின் பிறவிச் சுழற்சிக்கு அன்றே ஒரு வரம்பு விழுந்துவிடுகிறது. அந்த வரம்பு நம் கணக்குக்கு எட்டாத நெடுங்காலமாக இருக்கலாம். இருந்தாலும் முன்பு எல்லையே இல்லாதிருந்த அலைச்சலுக்கு இப்போது எல்லை வந்துவிட்டது. காட்சி நிற்கவில்லை; கண்டவர் பழைய ஆளாகவும் இல்லை.

கோடைப் பயணம் போய்வந்தவர்கள் சொல்ல முயன்று முடியாமல் விடுவது இதைத்தான். போன இடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று, ஊர் திரும்பி ஒரு மாதத்தில் மங்கிவிடுகிறது. மறுபடி அதே பேருந்து, அதே வகுப்பு, அதே பேச்சு. பார்த்ததெல்லாம் மயக்கமோ என்று ஐயம்கூட வரும். நற்காட்சி பற்றிய கோட்பாடு அந்த மாணவருக்கு ஆறுதலான விடையொன்றைத் தருகிறது. மங்குவது அதன் இயல்பு. மங்கியதாலேயே அது பொய்யாகிவிடாது.

அதே கோட்பாடு ஒரு நிபந்தனையையும் வைக்கிறது. நற்காட்சி கிட்டுவதற்கு முன் ஐந்து பேறுகள் அமைய வேண்டும் என்பார்கள். அவற்றில் ஒன்று தேசனா லப்தி, அதாவது அறவுரையைக் கேட்கக் கிடைத்தல். கேட்பது கணநேரமாக இருக்கலாம். ஆனால் கேட்கும் உயிர் அதற்குள் பக்குவப்பட்டிருக்க வேண்டும். குந்தகுந்தர் விதேகத்துக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஐயத்தோடு போனார். கற்க வேண்டியதை இங்கே கற்று, நூல்களின் எல்லைவரை வந்து, அதற்கு மேல் வழி தெரியாமல் நின்ற இடத்திலிருந்துதான் புறப்பட்டார்.

அந்தப் பயணம் அவரை என்ன செய்தது என்பதை அவருடைய பெயர்களே சொல்கின்றன. பத்மநந்தி என்பது அவருடைய துறவுப் பெயர். விதேகத்து மனிதர்கள் வானளாவிய உயரம் உடையவர்களாம். அவர்கள் நடுவே போய் நின்ற இந்த முனிவர், உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கும்படி ஓர் ஏலக்காய் அளவே இருந்தாராம். அதனால் ஏலாசாரியர் என்ற பெயர் வந்தது என்கிறது கதை. வான்வழியில் அவருடைய மயிற்பீலி நழுவி விழுந்துவிட்டது. உட்காருமுன் சிற்றுயிர்களை மெல்ல விலக்கப் பீலி இல்லாமல் சமண முனிவர் இருக்க முடியாது. ஆகவே கழுகின் இறகுகளைக் கொண்டு சமாளித்தார், கிருத்ரபிச்சர் ஆனார். ஓயாமல் குனிந்து படித்துக் கழுத்து வளைந்துபோனதால் வக்கிரக்கிரீவர் என்றும் ஒரு பெயர். சொந்த நிலத்தில் ஆசாரியராக இருந்தவர் அயல் நிலத்தில் ஏலக்காய் அளவாகிறார். கையோடு கொண்டுபோன, இன்றியமையாத பொருள் தொலைகிறது. அந்த நிலத்தில் கிடைத்ததைக் கொண்டு விரதம் கெடாமல் காத்துக்கொள்கிறார். திரும்பி வந்த பிறகு கழுத்து வளையப் படிப்பு. முதன்முறை வெளிநாடு போன மாணவர் எவரையும் கேளுங்கள். வேறு சொற்களில் இதையேதான் சொல்வார்.

திரும்பி வந்தவர் செய்த காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம் முதலிய நூல்களைப் பிராகிருதத்தில் எழுதினார். சமயம் என்றால் தமிழில் மதம்; நேரம் என்றும் பொருள். சமணத்தில் காலத்தின் மிகச் சிறிய கூறுக்கும் சமயம் என்று பெயர். குந்தகுந்தரோ அந்தச் சொல்லை உயிருக்கே பெயராக்கி அதன் சாரத்தைப் பேசுகிறார். அந்த நூலின் தொடக்கத்தில், நான் விதேகம் போனேன், சீமந்தரரை நேரில் கேட்டேன் என்று அவர் எழுதவில்லை. முன்னிருந்த சுருத கேவலிகள், அதாவது ஆகமங்களை முழுதும் அறிந்தவர்கள், உரைத்ததைச் சொல்கிறேன் என்றுதான் தொடங்குகிறார். அடுத்துச் சில பாடல்கள் தள்ளி, தான் காட்டப்போவதைத் தன் சொந்த அனுபவச் செல்வத்தைக் கொண்டே காட்டுவதாகச் சொல்கிறார். காட்டிவிட்டால் நீங்களே சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள், எங்காவது தவறிவிட்டால் அதை வஞ்சனையாக எண்ணாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். பயணத்தைச் சான்றிதழாக நீட்டவில்லை. சோதித்துப் பார் என்கிறார்; தவறுக்கும் இடம் விடுகிறார்.

குறுகிய காலப் படிப்பைப் பற்றிய கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எட்டு நாள் தங்கியது குறையில்லை. எட்டு நாள் தங்கியதை மறைத்துக்கொண்டு எண்பது ஆண்டு வாழ்ந்தவர்போலப் பேசுவதுதான் குறை. சமணர் எந்தக் கூற்றுக்கும் முன்னால் ‘சியாத்’ என்ற சொல்லை வைப்பார்கள். ‘ஒரு வகையில்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, நான் பார்த்தது ஒரு பக்கம் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் பார்த்ததும் உண்மையான பார்வைதான். முழுதும் பார்த்தேன் என்று சொல்லும்போது அது பொய்யாகிறது.

இதற்கு மெய்யான வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஹெர்மன் யகோபி என்ற ஜெர்மானியர் 1850இல் பிறந்தவர். படிப்பை முடித்த கையோடு, 1873–74 குளிர்காலத்தில் கியோர்க் பூலர் என்ற அறிஞருக்குத் துணையாக ராஜபுதனத்தில் சுவடி தேடிப் போனார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். ஜெய்சல்மேரின் சமணச் சுவடிச் சாலையில் கிடைத்த விக்ரமாங்கதேவ சரிதம் என்ற காவியத்தை இருவரும் சில நாட்களுக்குள் உட்கார்ந்து கைப்பட நகலெடுத்தார்கள். ஒரு குளிர்காலம், அவ்வளவுதான் அந்தப் பயணம். அக்காலத்து ஐரோப்பியர் பலர் சமணத்தைப் பௌத்தத்தின் கிளை என்றே எழுதிவந்தார்கள். ஊர் திரும்பிய யகோபி 1879இல் கல்பசூத்திரத்தைப் பதிப்பித்தார். 1884இல் சமண சூத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சமணம் பௌத்தத்திலிருந்து கிளைத்ததல்ல, தனி நெறி என்று சான்றுகளோடு நிறுவினார். மறுபடி அவர் இந்தியாவுக்கு வந்தது 1913இல். ஒரு குளிர்காலத்தில் கண்டதை நாற்பது ஆண்டு கழுத்து வளையப் படித்தார்.

தூரம் என்பதும் கிலோமீட்டர் கணக்கில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். சைவமும் சிற்றிலக்கியமும் கரைகண்டவருக்கு அந்தச் சமணக் காப்பியம் அயல்நாடாக இருந்தது. நூலைப் புரிந்துகொள்ள அவர் கப்பலேறவில்லை; அதே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்கு நடந்து போனார். அவர்களுக்குச் சிந்தாமணி அன்றாடம் படித்துப் போற்றும் புனித நூல். அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து, சொல் சொல்லாகக் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சேற்றினார். தம் சைவத்தை அவர் விடவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் பயணத்துக்கு ஏழு ஆண்டு ஆயிற்று. பெரணமல்லூரில் பிறந்து வளர்ந்து, பொன்னூர் மலையின் படிகளை ஒருமுறையும் ஏறாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் அது விதேகம்தான்.

கடலைத் தாண்டுவது சமயத்தையே இழப்பதாகுமோ என்ற அச்சமும் நெடுநாள் இருந்தது. 1893இல் சிகாகோ உலக சமய மாநாட்டுக்கு அழைப்பு வந்தது ஆத்மாராம்ஜி என்ற சமணத் துறவிக்கு. கால்நடையாக மட்டுமே செல்லும் விரதம் பூண்டவர் கப்பலேற முடியாது. தமக்குப் பதிலாக வீர்சந்த் காந்தி என்ற இருபத்தொன்பது வயது இளைஞரைப் பயிற்றுவித்து அனுப்பிவைத்தார். விவேகானந்தர் பேசிய அதே மேடையில் வீர்சந்த் சமணத்தைப் பற்றிப் பேசினார். கடல் கடந்ததற்காக அவருடைய சமூகத்திலேயே கடும் எதிர்ப்பு கிளம்பியது. துறவியோ தம் மாணவரின் பக்கம் நின்றார். 1980இல் ஆசாரிய துளசி என்ற சமணத் துறவி ‘சமணி’ என்று புதிய வகுப்பு ஒன்றை ஏற்படுத்தினார். முழுத் துறவுக்கும் இல்லறத்துக்கும் இடைப்பட்ட நிலை அது. வண்டியிலும் விமானத்திலும் செல்ல அவர்களுக்கு விலக்கு உண்டு. நடந்தே போக வேண்டும் என்ற நெறி, பறந்து போய்க் கற்பிக்க வேண்டிய தேவைக்குத் தன்னுள்ளேயே இடம் கண்டுபிடித்தது.

கற்றது உண்மைதானா என்ற சோதனை வகுப்பறைக்கு வெளியே வருகிறது. கோடைப் பள்ளியில் அகிம்சையைப் படித்த மாணவர் ஒருவர் பொன்னூர் மலையிறங்கிப் பெரணமல்லூர்த் தறி வீடொன்றின் வாசலுக்கு வந்து நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டின் நூல் அறுபடாமல் பல நூறு மீட்டர் நீளும். அந்துப்பூச்சி வெளியே வந்தால் கூடு துளைபட்டு இழை அறுந்துவிடும். அதனால் பூச்சி வெளிவருமுன்பே கூட்டை ஆவியிலோ கொதிநீரிலோ இடுகிறார்கள். உள்ளே இருக்கும் உயிர் செத்துப்போகிறது. பாடப்புத்தகத்தின்படி தீர்ப்பு எளிது: பட்டு என்றால் இம்சை.

தறிக்காரரின் பக்கம் வேறு. அவர் கூட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. முறுக்கேறி, சாயமேறி வந்த பட்டு நூல்தான் அவர் வீட்டுக்கு வருகிறது. பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து, கண் வலிக்க நெய்கிறார். கூலியில்தான் பிள்ளைகளின் படிப்பு. அவர் கொன்றாரா?

சமணம் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்வதில்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று மூன்றையும் அது கணக்கில் எடுக்கிறது. அந்தக் கணக்கில் தறிக்காரர் மட்டுமில்லாமல், திருமணத்துக்குப் பட்டு உடுத்தும் அனைவரும் வருகிறார்கள். அதே நெறி இம்சையை நான்காகவும் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். ஏர் உழும் நயினார் வீட்டாருக்கும் மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் தெரிந்தவைதான். உயிர் சாகிறதோ பிழைக்கிறதோ, கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்று பிரவசனசாரத்தில் குந்தகுந்தர் சொல்கிறார். எடைபோடப்படுவது பிணம் அல்ல, கவனம். இதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியும். தூக்கம் கெட்டு யோசிக்கவும் முடியும்.

யோசித்தவர்கள் இருக்கிறார்கள். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தின் மடாதிபதியாக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டு உடுத்த வேண்டாம் என்று தம்மை நாடி வந்தவர்களிடம் பல்லாண்டு வலியுறுத்தினார். கைத்தறித் துறையில் பணியாற்றிய ஐதராபாத்தின் குசுமா ராஜையா, அந்துப்பூச்சி பறந்துபோன பிறகு எஞ்சும் கூடுகளிலிருந்து நூல் எடுத்து அகிம்சைப் பட்டு நெய்ய வழி கண்டார். அறுந்த கூட்டிலிருந்து இழையை உருவ முடியாது. பஞ்சைப்போல நூற்க வேண்டும். மினுமினுப்பு குறையும், விலை ஏறும். இந்த விவரங்களெல்லாம் தெரியாமல் தறி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லும் மாணவருக்கு அகிம்சை பாடமாகவே நின்றுவிட்டது. தெரிந்துகொண்டு, தான் உடுத்தியிருப்பதையும் ஒரு கணம் குனிந்து பார்ப்பவருக்குப் பாடம் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது. அதற்கு நாலு வாரம் போதும். சில சமயம் ஒரு பிற்பகல் போதும்.

மொழியின் கேள்வி மிஞ்சி நிற்கிறது. சமயசாரத்தில் குந்தகுந்தர் உண்மையை இரண்டு நிலைகளில் வைத்துப் பேசுகிறார். முடிந்த முடிபாக நிற்பது நிச்சய நயம்; உலக வழக்கில் நின்று பேசுவது வியவகார நயம். முடிந்த உண்மைதான் பெரிது என்றால் வழக்கு மொழி எதற்கு என்று யாரும் கேட்கலாம். அயல்மொழிக்காரன் ஒருவனுக்கு அவன் மொழியில் சொல்லாமல் எதையும் விளங்கவைக்க முடியாது. அதுபோல வழக்கு மொழி இல்லாமல் மேலான உண்மையை உபதேசிக்க முடியாது என்பது அவர் விடை. அந்த நூலுக்கு உரை வகுத்த அமிர்தசந்திரர் இதை ஒரு காட்சியாகவே விரிக்கிறார். ஓர் அந்தணர் அயல்மொழிக்காரன் ஒருவனைப் பார்த்து ‘ஸ்வஸ்தி’ என்கிறார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டுக்கடா மாதிரி கண்கொட்டாமல் விழித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வந்து, நீ கெடாமல் வாழ்க என்பது அதன் பொருள் என்று அவன் மொழியில் சொல்கிறார். உடனே அவன் கண்களில் ஆனந்தக் கண்ணீர் நிறைகிறது.

விதேகத்துக்குப் போய்வந்தவர் எழுதியதாக மரபு நம்பும் நூலில் மொழிபெயர்ப்பைப் பற்றி இப்படி ஓர் உவமை வந்து அமர்ந்திருப்பது மனத்தைத் தொடுகிறது. அந்தப் பணியைப் பிற்காலத்தில் செய்தவர்களில் தமிழ்ச் சமணரான அ. சக்கரவர்த்தி நயினார் ஒருவர். தத்துவப் பேராசிரியராகவும் கல்லூரி முதல்வராகவும் இருந்த அவர் 1920இல் பஞ்சாஸ்திகாயத்தையும் 1950இல் சமயசாரத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். இன்று வேறு நாட்டு மாணவர் ஒருவர் குந்தகுந்தரை ஆங்கிலத்தில் படிக்க முடிகிறது என்றால், பொன்னூர் மலையைத் தங்கள் மலையாகக் கொண்ட சமூகத்தின் பிள்ளை ஒருவர் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை நாளை ஒரு வாரமோ ஒரு மாதமோ கடல் தாண்டிப் போய்த் திரும்பலாம். புதிய சொற்களோடு வருவான். நூலகம், கருத்தரங்கம், தேவாலய மணியோசை, கேள்வி கேட்டால் கோபிக்காத பேராசிரியர் என்று மனம் நிறைந்திருக்கும். வீட்டில் நுழைந்ததும் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டி ஏறிட்டுப் பார்ப்பார். “அந்த ஊர்ல இன்னாப்பா பாத்த?” என்று கேட்பார். அங்கே படித்த மொழியில் அதற்குப் பதில் இல்லை. இவனே ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்க வேண்டும். அவன் வாய் திறக்கும்வரை பாட்டி இராட்டையை நிறுத்திவிட்டு, இழையை விரலில் பிடித்தபடி காத்திருப்பார்.